ராக் இசை வரலாறு – 19: பான்ஹமின் தாளக்கட்டு

1968ஆம் ஆண்டு இலண்டனில் உருவாகி 1980இல் கலைந்த லெட் செப்பலின் குழுவின் பாடல்களில், கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ், பாடகர் ராபர்ட் பிளாண்ட், பேஸ் கிட்டாரும் கீபோர்டும் வாசித்த ஜான் பால் ஜோன்ஸ் ஆகியோரின் பங்கு எவ்வளவு விரிவாகப் பேசப்பட்டதோ, டிரம்ஸ் வாசித்த ஜான் பான்ஹமின் பங்கும் அதே அளவுக்குத் தட்டுத் தட்டாக அலசப்பட்டிருக்கிறது. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 2016இல் வெளியிட்ட, எக்காலத்துக்குமான நூறு சிறந்த டிரம்மர்களின் பட்டியலில் முதலிடம் அவருக்கே கிடைத்தது. எனினும் அவருடைய வாசிப்பில் தலைசிறந்தது எது என்ற வழக்கு ரசிகர்களிடையே இன்றும் தீரவில்லை. அவ்வழக்கில் அடிக்கடி முன்வைக்கப்படும் பாடல்களை வெளிவந்த வரிசையில் வைத்து ஆராய்ந்தால், அவர் எவ்வளவு பலமாக அடித்தார் என்பதைவிட, எந்த இடத்தில் அடித்தார், எந்த இடத்தை விட்டுவைத்தார் என்பதே அவருடைய புகழுக்குக் காரணம் என்பது புலனாகும்.

பான்ஹம் 1948 மே 31 அன்று, ஊசித் தொழிலுக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் ரெடிச் நகரில் பிறந்தார். ஐந்து வயதில் தகர டப்பாக்களைத் தட்டத் தொடங்கிய அவருக்குப் பத்து வயதில் தாய் ஒரு ஸ்னேர் டிரம் வாங்கித் தந்தார். பள்ளிப் படிப்பை முடித்தபின் தந்தையிடம் தச்சு வேலை பழகிக்கொண்டே உள்ளூர்க் குழுக்களில் வாசித்தார். முறையான இசைப் பயிற்சி எதுவும் பெறாத அவர், பெரிய அளவிலான லட்விக் நிறுவனத்து டிரம்ஸையே விரும்பினார். ராக் குழுக்களில் 22 அங்குல விட்டமுள்ள பேஸ் டிரம், அதாவது காலால் மிதித்து ஒலிக்கச் செய்யும் பெரிய டிரம், வழக்கமாக இருந்த காலத்தில், அவர் பயன்படுத்தியது 26 அங்குலம். அதன் தோலை அடக்கி ஒடுக்காமல் இறுக்கிக் கட்டித் திறந்த ஓசையோடு ஒலிக்கவிட்டதால், ஒவ்வொரு மிதிக்கும் ஒரு சுருதியும் நீட்சியும் இருந்தன.

1969 ஜனவரியில் வெளிவந்த முதல் ஆல்பத்தின் முதல் பாடலான ‘குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்’ டிரம்மர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒரு தட்டின் காலத்தை மூன்று சம பங்காகப் பிரிக்கும் திஸ்ர நடையில், அம்மூன்றில் இரண்டைப் பேஸ் டிரமில் காலால் வாசிப்பது அப்பாடலின் சிறப்பு. இரண்டு பேஸ் டிரம்களை வைத்து இரு கால்களாலும் வாசித்தால் மட்டுமே இவ்வளவு விரைவு கைகூடும் என்று கேட்டவர்கள் எண்ணினர்; பான்ஹமோ ஒரே ஒரு மிதியில், வலக் கால் ஒன்றினாலேயே அதை வாசித்தார். இங்கும் அவ்விரைவு பாட்டு முழுவதும் கொட்டப்படவில்லை. கிட்டார் வரி மூச்சுவிடும் இடங்களில் சிறுசிறு கொத்துகளாக மட்டும் வந்து மறைவதால்தான் காது அதைத் தேடிச் செல்கிறது.

அதே ஆண்டு அக்டோபரில் வந்த இரண்டாம் ஆல்பத்தின் ‘மோபி டிக்’, கருநாடக இசைக் கச்சேரியின் தனி ஆவர்த்தனத்தைப் போல டிரம்ஸுக்கென்றே ஒதுக்கப்பட்டது. இசைத்தட்டில் நான்கு நிமிடங்களைச் சற்றே தாண்டும் இது, மேடையில் இருபது நிமிடங்களையும் கடந்து நீண்டதுண்டு. நடுவே குச்சிகளை வைத்துவிட்டு வெறுங்கைகளால் தோலிலும் சிம்பலிலும் வாசிப்பதை, 1970 ஜனவரி 9 அன்று இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் எடுக்கப்பட்ட படப்பதிவில் நெருக்கமாகக் காணலாம். மேடைக் கச்சேரியை நேரில் கண்டவர்கள் இதையே உச்சமாகக் கொண்டாடினாலும், இசைத்தட்டு வழியாகப் பான்ஹமை அறிந்தவர்களில் பலர், மற்ற மூவரோடு இணைந்து வாசித்த பாடல்களையே இதற்கு மேலாக வைக்கின்றனர்.

1971 நவம்பர் 8 அன்று வெளிவந்த நான்காம் ஆல்பம் அத்தகைய பாடல்களின் கருவூலம் எனலாம். இதிலுள்ள ‘ராக் அண்ட் ரோல்’, வேறொரு பாடலுக்கான ஒத்திகை சரிவராமல் நின்றபோது, லிட்டில் ரிச்சர்டின் 1957ஆம் ஆண்டுப் பாடலான ‘கீப் எ-நாக்கின்’ என்பதன் டிரம்ஸ் முகப்பைப் பான்ஹம் விளையாட்டாக வாசிக்க, பேஜ் அதன் மேல் கிட்டாரைத் தொடுத்ததால் பிறந்தது. நான்கு எண்ணிக்கைகள் கொண்ட சுற்றில் அம்முகப்பு முதல் எண்ணிக்கையில் தொடங்காமல், மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் தொடங்குகிறது. தாளம் தொடங்கிய பின்னர் இசை நுழையும் அனாகத எடுப்பை அறிந்தவர்களுக்கு இதன் கணக்கு உடனே பிடிபடும் என்றாலும், பிறர் கிட்டார் நுழையும்போது எண்ணிக்கை தவறி விழிப்பதுண்டு. சரிவராமல் நின்ற அந்த வேறொரு பாடல் ‘ஃபோர் ஸ்டிக்ஸ்’. ஒவ்வொரு கையிலும் இரண்டு குச்சிகளாக நான்கு குச்சிகளைப் பிடித்து அவர் வாசித்ததே அப்பெயருக்குக் காரணம். பேஜும் பிளாண்டும் 1972இல் பம்பாய்க்கு வந்து, இந்தியக் கலைஞர்களைக் கொண்டு இப்பாடலை மறுபடி பதிவு செய்தனர். அப்பதிவு 2015இல்தான் வெளியிடப்பட்டது.

ரசிகர்களின் தேர்வில் பெரும்பாலும் முதல் வரிசையில் நிற்பது அந்த ஆல்பத்தின் இறுதிப் பாடலான ‘வென் தி லெவி பிரேக்ஸ்’. மிசிசிப்பி ஆற்றில் 1927இல் ஏற்பட்ட பெருவெள்ளத்தைப் பற்றி, கேன்சஸ் ஜோ மெக்காயும் மெம்பிஸ் மின்னியும் 1929இல் பதிவு செய்த புளூஸ் பாடலின் மறுவடிவம் இது. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில், ஏழைகளுக்கும் முதியோருக்கும் புகலிடமாக 1795இல் கட்டப்பட்ட ஹெட்லி கிரேஞ்ச் என்னும் பழைய மாளிகையில் குழு தங்கியிருந்தபோது, வாசற்கூடத்தில், மாடிப்படிகள் சுற்றி ஏறும் உயர்ந்த வெளியின் அடியில் பான்ஹமின் புதிய டிரம்ஸ் வைக்கப்பட்டது. ஒவ்வொரு டிரமுக்கும் அருகே ஒரு மைக் வைப்பது அன்றைய வழக்கமாயிருக்க, ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆண்டி ஜான்ஸ் இரண்டே இரண்டு மைக்குகளை மேல்தளப் படிக்கட்டிலிருந்து தொங்கவிட்டு, அவற்றில் விழுந்த ஒலியை, பின்சன் எகோரெக் என்னும் இத்தாலிய எதிரொலிக் கருவி வழியாகவும், உரத்த ஒலியை அமுக்கி மெல்லிய ஒலியை மேலே கொண்டுவரும் கம்பிரஷர் வழியாகவும் செலுத்தினார். இதனால் அடியோடு சேர்ந்து அந்தக் கூடத்தின் சுவர்களும் படிகளும் ஒலித்தன.

ஆனால் இக்கருவிகள் அனைத்தும் பயன்பட்டது பான்ஹம் வாசித்த முறையால்தான். மெதுவான காலப்பிரமாணத்தில், ஒவ்வொரு தட்டின் எதிரொலியும் தேய்வதற்கு இடம் விட்டு, ஏழு நிமிடங்களும் ஏறக்குறைய ஒரே சொற்கட்டை அவர் விடாமல் பிடித்திருக்கிறார். விரைந்து வாசித்திருந்தால் எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பியிருக்கும். பாட்டு தொடங்கும் இடத்தில் டிரம்ஸ் தனித்து ஒலிப்பதால், அப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து மீண்டும் மீண்டும் சுழலவிட்டுப் புதிய பாடல் அமைப்பது எளிதாயிற்று. பீஸ்டி பாய்ஸ் என்னும் நியூயார்க் ஹிப்-ஹாப் குழு 1986இல் தன் முதல் ஆல்பத்தின் முதல் பாடலை இவ்வாறு அமைத்தது. பின்னர் வந்த பலரும் அவ்வழியே சென்றனர்.

1975 பிப்ரவரியில் வெளிவந்த ‘காஷ்மீர்’ பான்ஹமின் அடக்கத்துக்கு மற்றொரு சான்று. மொராக்கோ நாட்டின் பாலைநிலச் சாலையில் பயணம் செய்த பிளாண்ட் எழுதிய இப்பாடலுக்கும் காஷ்மீருக்கும் பெயரளவுத் தொடர்பே உண்டு. இதன் கிட்டார் வரி மூன்று எண்ணிக்கைகளில் சுற்றி வர, டிரம்ஸ் நான்கு எண்ணிக்கைகளில் அசையாமல் நடக்கிறது. கிட்டார் நான்கு சுற்றும் டிரம்ஸ் மூன்று சுற்றும் முடியும் பன்னிரண்டாம் எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றுகூடிப் புதிய சுற்றை ஒரே இடத்தில் தொடங்குகின்றன. கிட்டாரின் மூன்றைப் பின்பற்றி வாசிப்பதே பெரும்பாலோருக்கு இயல்பாகத் தோன்றியிருக்கும். பான்ஹம் அதற்கு இணங்காமல் நின்றதால்தான் எட்டு நிமிடங்களுக்கு மேல் ஓடும் பாட்டு ஓரிடத்திலும் தொய்யவில்லை. ஒலிப்பதிவாளர் ரான் நெவிசன் டிரம்ஸ் ஒலியை ஃபேசர் என்னும் ஒலிமாற்றக் கருவி வழியாகச் செலுத்தி, அது அலையலையாகப் புரளும்படி செய்தார்.

1976இல் வந்த, பத்து நிமிடங்களைக் கடந்த ‘அக்கிலீஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்’ வேகத்தை விரும்பும் ரசிகர்களின் தேர்வு. டிரம்மர்களோ 1979இல் வந்த ‘ஃபூல் இன் தி ரெய்ன்’ பாடலையே பெரிதும் குறிப்பிடுகின்றனர். இது ஷஃபிள் என்னும் நொண்டி நடையில், ஸ்னேரின் முதன்மை அடியைப் பாதி எண்ணிக்கைக்குக் குறைத்து, அவ்வடிகளுக்கு இடையே காதுக்கு எட்டியும் எட்டாமலும் நுண்தட்டுகளைப் பெய்து வாசிக்கப்பட்டது. இந்நடையைப் புகழ்பெறச் செய்தவர் அமெரிக்கக் கலைஞர் பெர்னார்ட் பர்டி. அவருடைய நடையையும் பான்ஹமின் இந்த நடையையும் இணைத்துத்தான், டோட்டோ குழுவின் டிரம்மர் ஜெஃப் பொர்க்காரோ 1982இல் ‘ரோசான்னா’ பாடலின் தாளத்தை அமைத்தார்.

மதுப்பழக்கம் பான்ஹமை விடவில்லை. 1980 செப்டம்பர் 25 அன்று, முந்தைய நாள் அளவு கடந்து வோட்கா அருந்தி உறங்கிய நிலையில், பேஜின் இல்லத்தில் அவர் இறந்து கிடந்தார். அப்போது அவருக்கு வயது 32. வேறொரு டிரம்மரை அமர்த்திக்கொண்டு தொடர்வதைக் குழு விரும்பவில்லை. பழையபடி தொடர இயலாது என்று டிசம்பர் 4 அன்று அறிவித்துக் கலைந்தது. 2007 டிசம்பர் 10 அன்று எஞ்சிய மூவரும் இலண்டன் ஓ2 அரங்கில் முழுக் கச்சேரி நிகழ்த்தியபோது டிரம்ஸில் அமர்ந்தவர் பான்ஹமின் மகன் ஜேசன். ரெடிச் நகரில் 2018 மே 31 அன்று, ஜான் பான்ஹமின் எழுபதாம் பிறந்தநாளில், நினைவுச் சிற்பம் திறக்கப்பட்டது.

ரசிகர்கள் ‘லெவி’, ‘காஷ்மீர்’, ‘ஃபூல்’ என்று எதை முதலில் வைத்தாலும், அவற்றில் எதுவும் டிரம்ஸ் தன்னைக் காட்டிக்கொள்ள எழுதப்பட்ட பாட்டு அன்று. ஒவ்வொன்றிலும் பான்ஹம் மற்ற மூவரின் இசையைக் கேட்டு, அதற்குத் தேவையான தாளத்தை மட்டும் கொடுத்திருக்கிறார். ராக் இசையில் டிரம்மர் பக்கவாத்தியக்காரர் என்ற நிலையிலிருந்து பாட்டின் வடிவத்தையே தீர்மானிப்பவராக உயர்ந்ததில் அவருக்குள்ள பங்கை மறுப்பதற்கில்லை.

(தொடரும்)