முஅல்லிமும் மாலுமியும்: சிங்கப்பூரில் கடையநல்லூரார் கண்ட கல்விக்கூடம்

அரபு மொழியில் 'முஅல்லிம்' என்பது கற்பிப்பவரைக் குறிக்கும். இந்தியப் பெருங்கடலில் மரக்கலம் செலுத்தியோர் வழிகாட்டும் மீகாமனையும் அச்சொல்லாலேயே அழைத்தனர். நாம் வழங்கும் 'மாலுமி' அதன் திரிபு என்பர் அகராதியாளர். 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு மாஜித் கடல்வழிக் கலையைச் செய்யுளாகவும் உரைநடையாகவும் யாத்தளித்தார். கல்வியும் கடலும் ஒரே சொல்லுக்குள் உறைந்திருந்த காலம் அது.

அவ்விரண்டும் பிற்காலத்தில் எவ்வாறு பிரிந்தன என்பதற்கு நம் கடையநல்லூரின் வரலாற்றிலேயே சான்றுண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த இந்நெசவூர் கடல் காணாதது. எனினும் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வூர் முஸ்லிம்கள் பலர் சிங்கப்பூர் சென்று, தஞ்சோங் பகார் துறைமுகத்தை அண்டிப் பிழைத்தனர். அங்குக் குடியேறிய தமிழ் முஸ்லிம்களுள் குடும்பத்தோடு சென்று வேரூன்றியோர் என்ற தனித்தன்மை இவர்களுக்கு உண்டு. குடும்பம் இருந்தமையால் பிள்ளைகளின் கல்வியும் கவலையாயிற்று.

1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. ஜப்பானியர் ஆட்சி 1945இல் நீங்க, மறு ஆண்டே அச்சங்கம் ஒரு தமிழ்ப் பள்ளியை நிறுவியது. அதற்குச் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரைச் சூட்டினர். 1960இல் அங்கு உயர்நிலை வகுப்புகள் தொடங்கின. பெரும்பாலும் உழைப்பாளிகளாய் இருந்த ஒரு சமூகம் அயல்மண்ணில் தாய்மொழிவழி உயர்நிலைக் கல்வி வரை எட்டியது போற்றத்தக்கது.

ஆயின் அதற்கு மேலே படியில்லை. 1954இல் நிறுவப்பட்ட சிங்கப்பூர் பாலிடெக்னிக், கப்பல் அதிகாரிகளுக்கான பயிற்சியையும் அளித்து வந்தது. அது முதலில் இயங்கிய பிரின்ஸ் எட்வர்டு சாலை, தஞ்சோங் பகாருக்கு அணித்தே உள்ளது. தொலைவு சிறிதே, இடையில் நின்றது ஆங்கிலம். 1972இல் தஞ்சோங் பகாரில் முதல் கொள்கலக் கப்பல் அணைந்தது. மூட்டை சுமந்த தோள்களின் வேலையைப் பளுதூக்கிகள் ஏற்கலாயின. துறைமுகம் தேடியது பயிற்சி பெற்ற கைகளையே.

மொழிவழிக் கல்வியின் இடரைச் சீனரும் எதிர்கொண்டனர். எளிய மக்களும் பொருள் ஈந்து எழுப்பிய நன்யாங் பல்கலைக்கழகம் 1980இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. 1982இல் உமறுப் புலவர் பள்ளியும் மூடப்பட்டது. மறு ஆண்டு தோன்றிய தமிழ்மொழி நிலையம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

பசிபிக் தீவுகளையும் நோக்குவோம். இன்று கிரிபாட்டி எனப்படும் தீவுகளில் 1967இலும் துவாலுவில் 1979இலும் மாலுமிப் பயிற்சி நிலையங்கள் எழுந்தன. அயல்நாட்டுக் கப்பல்களில் பணிபுரிவோரை அவை உருவாக்கின. அவர்கள் அனுப்பும் ஊதியம் தீவுக் குடும்பங்களைத் தாங்கியது. அங்கும் தொழிலின் மொழி ஆங்கிலமே.

தாய்மொழிப் பள்ளி வீண் என்று இதனால் முடிவு செய்தல் பிழையாகும். அப்பள்ளி ஒரு தலைமுறைக்கு எழுத்தறிவையும் தன்மதிப்பையும் தந்தது. அதனோடு தொழிற்கல்விக்குச் செல்லும் ஒரு பாலமும் அமைந்திருக்குமாயின், அம்மாணவருள் மாலுமிகளும் மிகுந்திருப்பர். மொழியையும் மார்க்கத்தையும் போதிக்கும் நம் கல்விக்கூடங்கள், தம் மாணவர் அடுத்து ஏறவேண்டிய படி எது என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும். முஅல்லிம் என்னும் சொல்லின் இரு பொருளும் நம்மிடம் அதனையே கேட்கின்றன.