புன்னைக்காயலில் போட்ட விதி

தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலைப் பற்றி நம் பகுதி வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் முதல் அச்சு நூல்களைத் தந்த அண்டிரிக் அடிகளார் வாழ்ந்த ஊர். அங்கே நடந்த மொழிப் பயிற்சியைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், மொழி தெரிந்த சிலரின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடமாகச் சொன்னார். மற்ற பேச்சுக்கெல்லாம் துபாஷி வேண்டும். பாவசங்கீர்த்தனம் செய்ய வருகிறவர் தம் மனத்தில் இருப்பதை மூன்றாவது ஆள் வழியாகச் சொல்வது எப்படி? சில ஆண்டுகள் கழித்து வந்த அண்டிரிக் அடிகளார், துபாஷி இல்லாமல் பேசுமளவுக்குத் தமிழ் கற்றார். உடனிருந்த குருக்களோடு சேர்ந்து ஒரு விதியும் வைத்துக்கொண்டார். தங்களுக்குள் தமிழில்தான் பேச வேண்டும். போர்த்துக்கீசியம் பேசினால் அதற்கு ஒறுத்தல் உண்டு. பின்னால் வருகிறவர்களுக்காகத் தமிழ் இலக்கணமும் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இந்த உழைப்பில் விளைந்தது.

அரசாங்கம் இதே வேலையைத் தேர்வு வைத்துச் செய்தது. 1812-இல் எல்லிஸ் துரையின் முயற்சியால் சென்னையில் அமைந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில், கும்பெனியின் இளம் அதிகாரிகள் தென்னாட்டு மொழிகளைப் படித்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் மத்திய அரசு ஊழியர்களுக்குப் பிரபோத், பிரவீண், பிராக்யா என்று இந்தித் தேர்வுகள் வந்தன. தமிழ்நாட்டில் 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபின், கோப்புகள் மெல்ல மெல்லத் தமிழுக்கு மாறின.

புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு வீட்டுத் தமிழ் இருந்தது; கோப்புத் தமிழ் இல்லை. அதனால் நாங்கள் நாலைந்து எழுத்தர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் உட்காருவோம். மெமோவைக் 'குறிப்பாணை' என்றும், கேஷுவல் லீவை 'தற்செயல் விடுப்பு' என்றும் சொல்லிப் பழகினோம். ஆங்கிலம் பேசியவர் அன்று எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். உப்பளத்திலிருந்து மனுவோடு வந்த பெண்ணுக்கு, அவர் மனு எந்த மேசையில் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று அவர் பேசும் தமிழிலேயே சொல்ல அந்த அரை மணி நேரம்தான் கைகொடுத்தது.

தேர்வில் தேறினால் சம்பளத்தில் ஒரு சலுகை கிடைக்கும். பேச ஆள் இல்லையென்றால் படித்தது சில மாதங்களில் மறந்துபோகும். இதை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன்.

இன்று நம்மூர் வங்கியிலும் ரயில் நிலையத்திலும் வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். பாஸ்புக்கை நீட்டிவிட்டு என் வயதுக்காரர்கள் சைகையில் பேச வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைகள்மேல் கோபப்பட்டு என்ன பயன்? பக்கத்து இருக்கையில் இருக்கும் நம் பிள்ளைகள் தினம் அரை மணி நேரம் அவர்களோடு தமிழிலேயே பேசினால் போதும். ஆறு மாதத்தில் கவுண்டரில் சைகை தேவைப்படாது.