மடக்குக் கத்தி

என் வலது சுட்டுவிரலில் ஒரு தழும்பு உண்டு. பள்ளிக்கூட நாளில் பென்சில் சீவும்போது பேனாக்கத்தி மடங்கிக்கொண்டதன் அடையாளம்.

பிரான்ஸ் தேசத்து ஸவாய் மலைப்பகுதியில், கோடரியும் அரிவாளும் அடித்த ஒரு கொல்லரின் மகன் ஜோஸப் ஒபினெல். 1890-ல், 18-ஆம் வயதில், அவர் ஒரு மடக்குக் கத்தி செய்தார். மரப்பிடி, எஃகு அலகு, ஓர் ஆணி, ஒரு பூண்; அவ்வளவுதான். விலையும் சொற்பம். 1897-ல் 12 அளவுகளில் வந்துவிட்டது. குடியானவர்கள் அதனாலேயே ரொட்டி அறுத்தார்கள், திராட்சைக்கொடி நறுக்கினார்கள், குச்சி சீவினார்கள்.

ஆனால், அசந்தால் அலகு மடங்கிவிடும். அதைத் தடுக்கும் சுழல் வளையத்தை அவர் மகன் மார்ஸெல் பொருத்தியது 1955-ல்தான். நடுவே 65 வருஷங்கள்!

கத்தி செய்தவர் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. இடையில் அறுபட்ட விரல்களுக்குக் கணக்கு ஏது? எனக்கென்னவோ, வளையத்தைச் செய்வித்தவை அந்த விரல்கள்தாம் என்று தோன்றுகிறது.