ஆயுளை அல்ல, வலியை அளந்த சோதனை

கணையப் புற்றுநோய் மருந்துகளின் வரலாற்றைத் தோல்விப் பட்டியலாகப் படிப்பதே வழக்கம். அப்படிப் படித்தால் ஜெம்சிட்டபினின் கதை புரியாது. எலி லில்லி நிறுவனம் 1980களில் வைரஸ்களுக்கு எதிராக உருவாக்கிய இந்த மூலக்கூறு, 1996இல் அமெரிக்காவில் கணையப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அதற்கு அடிப்படையான சோதனையில் இருந்தவர்கள் 126 பேர். பழைய மருந்தான ஃப்ளூரோயுராசில் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 4.41 மாதம், புதியதைப் பெற்றவர்களுக்கு 5.65. கூடுதலாகக் கிடைத்தது ஐந்து வாரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனால் சோதனை முதன்மையாக அளக்க வந்தது ஆயுளையே அல்ல. முந்தைய சிறு சோதனைகளில் கட்டி சுருங்காத சிலருக்கும் வலி தணிந்திருந்தது. அதை முறையாக அளந்து பார்க்கத் துணிந்தார்கள். முதலில் வலிநிவாரணிகளைச் சீர்செய்து வலியை ஒரு நிலைக்குக் கொண்டுவந்த பிறகே மருந்து தொடங்கப்பட்டது. வலி எவ்வளவு, எத்தனை மாத்திரை விழுங்கினோம் என்று நோயாளியே குறித்து வந்தார். நடமாடும் திறனும் எடையும் தனியாகப் பார்க்கப்பட்டன. தேறுதல் நான்கு வாரமாவது நீடித்தால்தான் கணக்கில் வரும். ஜெம்சிட்டபின் பெற்றவர்களில் 23.8 சதவீதம் பேர் இப்படித் தேறினார்கள், மற்றவர்களில் 4.8 சதவீதம்.

வலி அவரவர் சொல்வது, அதை வைத்து மருந்தை எடைபோடலாமா என்ற ஆட்சேபம் நியாயமானதே. எந்த மருந்து என்பது நோயாளிக்குத்தான் மறைக்கப்பட்டது, மருத்துவருக்கு அல்ல என்பதும் உண்மையான குறை. ஆனால் ஆயுள் கணக்கு மட்டும் உறுதியான அளவுகோலா? ஜெம்சிட்டபினுடன் சேர்த்துத் தர 2005இல் அனுமதி பெற்ற எர்லோட்டினிப், 5.91 மாதத்தை 6.24 ஆக்கியது. ஏறக்குறைய பத்து நாள்! புள்ளியியல் அதை வெற்றி என்றது. நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தில் மொத்தத்தில் வேறுபாடில்லை, வயிற்றுப்போக்குதான் கூடியது. அளவைத் தளர்த்தியதால் துறை சோம்பிவிட்டது என்பாரும் உண்டு. அதுவும் பொருந்தவில்லை: அடுத்து வந்த பெரிய சோதனைகள் பெரும்பாலும் ஆயுளையே இலக்காக வைத்தன, அப்படியும் அடுக்கடுக்காகத் தோற்றன.

2011இல் வெளியான ஃபிரெஞ்சுச் சோதனையில் நான்கு மருந்துகளின் கூட்டான ஃபோல்ஃபிரினாக்ஸ், ஜெம்சிட்டபின் தந்த 6.8 மாத ஆயுளை 11.1 ஆக உயர்த்தியது. பக்கவிளைவுகள் கடுமை; ஆயுள் நீண்டாலும் நோயாளி நொந்துபோவார் என்றே எவரும் ஊகித்திருப்பார்கள். ஆனால் ஆறாம் மாதத்தில் வாழ்க்கைத் தரம் மீளாமல் சரிந்தவர்கள் ஜெம்சிட்டபின் பெற்றவர்களில் 66 சதவீதம், கடுமையான கூட்டைப் பெற்றவர்களில் 31 சதவீதம். நோயாளிகளையே கேட்டிராவிட்டால் இது தெரிந்திருக்காது.