நோயற்றோர் வாயில் நோய்க்கிருமி

நியூமோனியாவை விளைக்கும் கிருமியின் வரலாறு நோயாளியின் படுக்கையருகே தொடங்கவில்லை. உடல்நலமுடைய ஒருவரின் வாயிலே தொடங்கிற்று. 1880 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், நியூ ஓர்லியன்ஸ் நகரிலிருந்த அமெரிக்கப் படை மருத்துவர் ஜோர்ஜ் ஸ்டேர்ண்பேர்க் தமது உமிழ்நீரை முயல்களின் உடலில் ஊசிமூலம் ஏற்றினார். முயல்கள் இரண்டொரு நாளில் மாண்டன. அவற்றின் குருதியில் இணையிணையாய் அமைந்த நுண்ணுயிர்கள் மலிந்து கிடந்தன. மருத்துவரோ நோயேதுமின்றித் தம் அலுவலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவ்வாண்டு டிசெம்பரிலே பாரிசில் லூயி பாஸ்டர், விசர்நாய்க்கடியால் இறந்த குழந்தையொன்றின் உமிழ்நீரில் அதே கிருமியைக் கண்டார். விசர்நோயின் வித்து இதுதானோ என முதலில் ஐயுற்றவர், அந்நோயில்லாதார் உமிழ்நீரிலும் அது காணப்படவே அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். இருவரும் 1881 இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். முதலிற் கண்டவர் யாவர் என்னும் வழக்கு இங்கு வேண்டுவதன்று.

இக்கிருமிக்கும் நியூமோனியாவுக்குமுள்ள தொடர்பைச் சில ஆண்டுகளின்பின் பேர்லினில் அல்பேர்ட் பிரெங்கெல் நிலைநாட்டினார். அதனோடு சிக்கலும் எழுந்தது. நலமுடையார் வாயிலும் வாழுங் கிருமி சிலரை மட்டும் வீழ்த்துவதேன்? குளிராலோ களைப்பாலோ உடல் தளர்ந்தவிடத்து, ஒருவன் தன் வாயிலுள்ள கிருமியாலேயே நோயுறுகின்றான் எனப் பலர் விடை கூறினர். அவ்வாறாயின் நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செல்வதில்லை. நோயாளியைத் தனிப்படுத்துவதும் வீண்வேலையே.

இக்கொள்கையை அசைத்தவர்கள் நியூயோர்க்கிலே றொக்பெல்லர் ஆராய்ச்சி நிலைய மருத்துவமனையைச் சேர்ந்த டோசே, ஏவரி என்னும் இருவர். கிருமி ஒரே இனமெனினும் அதனுள் வகைகள் பல. கடுநோய் பெரும்பாலும் முதலிரு வகைகளாலேயே விளைகின்றது. அவ்விரு வகைகளும் பொதுமக்கள் வாயில் அரிதாகவே காணப்பட்டன. நோயாளியோடு பழகிய நலமுடையாரிடமோ, அந்நோயாளிக்குரிய வகையே காணப்பட்டது. இஃது 1915 இல் வெளியாயிற்று. நோயுறாமலே கிருமியைச் சுமந்து திரியும் நோய்காவிகள் உளர் என்பது இதனாற் புலனாயிற்று. ஸ்டேர்ண்பேர்க் தம் வாயிலேயே காட்டிய உண்மையின் பொருள் விளங்க முப்பத்துநான்கு ஆண்டுகள் சென்றமை வியப்பே.

இன்று நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. கிருமி மூக்கின் பின்புறத் தொண்டையிற் குடியிருந்து, இருமல் தும்மல்களின் நுண்டுளிகள் வழியாகப் பரவுகின்றது. வளர்ந்தோரினும் சிறுவரே அதனை மிகுதியாகச் சுமப்பவர். சிறுவருள்ள வீட்டில் வளர்ந்தோரும் அதனை எளிதிற் பெறுவர். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே குழந்தைகளுக்கு ஏழு வகைகளுக்கெதிரான தடுப்பூசி இடப்படலாயிற்று. அதன்பின் அவ்வகைகளால் விளையுங் கடுநோய், ஊசி பெறாத முதியோரிடத்தும் குறைந்தது. பேரப்பிள்ளைகளின் தொண்டையில் அவ்வகைக் கிருமிகள் அருகவே, பாட்டன் பாட்டியரை அவை சென்றடையும் வழியும் அடைபட்டது.