வடசென்னைக்குப் பக்கத்துல உருவாகும் போர்க்கப்பல்கள்!

எண்ணூர்னு சொன்னதும் அனல்மின் நிலையச் சாம்பலும் கன்டெய்னர் லாரி நெரிசலும்தானே உங்க நினைவுக்கு வரும்? எண்ணூர் துறைமுகத்தைத் தாண்டி வடக்கே போனால் காட்டுப்பள்ளி. அங்கே எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளம் இருக்கிறது.

ரோந்துக் கப்பல்கள்: கடலோரக் காவல்படைக்காக 2015-ல் ஒப்பந்தம் போட்டு, ‘விக்ரம்’ தொடங்கி ‘விக்ரஹா’ வரை 7 கப்பல்களை இந்த நிறுவனம் கட்டிக்கொடுத்தது.

ரிப்பேர்: 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் ‘சார்லஸ் ட்ரூ’ கப்பல் பழுதுபார்க்க இங்கே வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று ரிப்பேருக்காக இந்தியா வந்தது அதுதான் முதல்முறை.

நீர்மூழ்கி வேட்டை: கொல்கத்தாவின் ஜி.ஆர்.எஸ்.இ நிறுவனத்துடன் சேர்ந்து கட்டிய ‘அர்னாலா’, 2022 டிசம்பரில் இங்கிருந்துதான் கடலில் இறங்கியது. கரையோரம், ஆழம் குறைந்த கடலில் எதிரி நீர்மூழ்கியைத் தேடி அழிப்பது இதன் வேலை. நீளம் சுமார் 77 மீட்டர். தண்ணீரைப் பீய்ச்சியடித்து முன்னேறும் வாட்டர்ஜெட்டில் ஓடுகிறது. 2025 ஜூன் 18-ல் விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்ந்தது.

இந்தத் தளத்துக்காக இடம்பெயர்ந்த காட்டுப்பள்ளி மீனவக் குடும்பங்கள், நிரந்தர வேலை கேட்டுப் போராடியிருக்காங்க. அடுத்த முறை ‘சென்னையில் கட்டிய போர்க்கப்பல்’னு செய்தி வந்தா பெருமைப்படுங்க. கூடவே, அந்த ஊர்க்காரங்களுக்கு எத்தனை வேலை கிடைச்சதுன்னும் கேளுங்க!