ஒரு பிடி மண்ணும் ஓர் ஏட்டுப் பதிவும்

காணி வாங்குதலும் விற்றலும் நொத்தாரிசின் மேசையில் முடிந்துவிடும் கருமங்கள் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். உறுதியின் கீழே கையொப்பம் விழுந்ததும் காணியின் கதை முடிந்தது என்பது பொதுநம்பிக்கை. ஆயின், காணி கைமாறும் முறையைச் சற்று ஊன்றி நோக்கினால், ஒரு சமுதாயம் யாரை உடைமையாளன் என ஏற்றது, யாரை ஏற்க மறுத்தது என்பது தெளிவாகும். மெல்பேண் நகருக்கு மேற்கே, ஒருகாலத்திற் தொழிற்சாலைப் புகையால் அறியப்பட்ட சன்ஷைன் என்னும் புறநகரின் வரலாற்றை இந்நோக்கிலேயே நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

அப்பகுதியின் முதலாவது காணி உறுதி விசித்திரமானது. 1835ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஜோன் பற்மன் என்பவர் கூலின் மக்களின் முதியோரைச் சந்தித்து, ஏறத்தாழ 6 இலட்சம் ஏக்கர் நிலத்தைத் தாம் வாங்கியதாக அறிவித்தார். விலையாகக் கொடுக்கப்பட்டவை கம்பளிகள், கைக்கோடரிகள், கத்திகள், கண்ணாடிகள், மா முதலியன. ஆண்டுதோறும் மேலும் பொருள் தருவதாகவும் வாக்களிக்கப்பட்டது. உறுதியோ சட்டம் கற்ற ஒருவரால் முன்கூட்டியே ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. ஆங்கிலேயரின் பழைய வழக்கப்படி, உடைமை மாறியதற்கு அடையாளமாக ஒரு பிடி மண்ணும் கைமாறியதாம். மண்ணை விலைக்கு விற்பது என்ற எண்ணமே இல்லாத மக்கள் அச்சடங்கை எவ்வாறு பொருள்கொண்டிருப்பர் என்பதை நாமே ஊகிக்கலாம்.

அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஆள்பதி ரிச்சட் பேர்க் அவ்வுறுதி செல்லாது எனப் பிரகடனஞ் செய்தார். ஏமாற்றப்பட்ட மக்களுக்கு நீதி வழங்குவது அவர் நோக்கமன்று. நிலம் முழுவதும் முடிக்கே உரியது. ஆகவே அம்மக்களுக்கு விற்கும் உரிமையே இல்லை என்பதுதான் அவர் கூறிய நியாயம். வாங்கியவனின் மோசடியை நீக்குவதாகக் கூறி, விற்றவனின் உரிமையையே நீக்கிவிட்டனர். பின்னர் எழுதப்பட்ட உறுதிகள் யாவும் இந்த அத்திவாரத்தின் மீதே எழுந்தன. ஆதிக்குடிகளின் நிலவுரிமையை அந்நாட்டு உயர் நீதிமன்றம் மாபோ வழக்கில் ஒப்புக்கொள்ள 1992ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்பொழுதும், தனியாருக்கு முழு உடைமையாக வழங்கப்பட்டுவிட்ட காணிகளில் அவ்வுரிமை அற்றுப்போனதாகவே கொள்ளப்பட்டது.

முடியிடமிருந்து காணி பெற்றவர்கள் அதைப் பிறருக்கு விற்றபொழுது வேறொரு தொல்லை தோன்றியது. ஒவ்வொரு விற்பனையிலும் பழைய உறுதிகளையெல்லாம் மூலம்வரை தேடிச் சரிபார்க்க வேண்டும். இடையில் ஒன்று பழுதாயின் யாவும் ஐயத்துக்கிடமாகும். செலவோ அதிகம், சாதாரண மனிதனுக்கு அவ்வேட்டின் மொழியும் விளங்காது. தென் அவுஸ்திரேலியாவில் றொபேட் ரொறன்ஸ் இதற்கொரு மாற்றுக் கண்டார். கப்பல்களின் உடைமை பதிவேட்டிற் குறிக்கப்படுவதுபோல நிலத்தின் உடைமையும் குறிக்கப்பட்டால் என்ன என்பது அவர் கேள்வி. 1858இல் அது சட்டமாயிற்று. 1862இல் விக்டோரியாவும் அதனைப் பின்பற்றியது. அன்றுமுதல் உறுதி உரிமையைத் தரவில்லை. பதிவே உரிமையைத் தந்தது. பதிவின் பிழையால் நட்டமடைந்தவனுக்கு ஈடு செய்ய ஒரு நிதியும் வைக்கப்பட்டது.

இச்சட்டம் எளிய மக்களுக்கு நன்மை செய்தது என்பதை நாம் மறுக்கவில்லை. அதன் பயனைச் சன்ஷைனிற் காணலாம். 1906ஆம் ஆண்டளவில் எச். வி. மக்கே தமது அறுவடை இயந்திரத் தொழிற்சாலையை பலறற்றிலிருந்து இங்கு கொணர்ந்தார். பிறேபுறூக் சந்தி எனப்பட்ட ஊர், அவ்வியந்திரத்தின் பெயரையே 1907இல் தன் பெயராக ஏற்றது. சுற்றியிருந்த நிலத்தை வாங்கித் தொழிலாளர் குடியிருப்புக்காகப் பகுதிபிரித்தவரும் மக்கேதான். வேலை கொடுப்பவரும் வீட்டு நிலம் தருபவரும் ஒருவரேயாயின், தொழிலாளியின் குரல் எவ்வளவு தூரம் உயர முடியும்? எனினும் அவர்கள் குரலெழுப்பினர். 1907இல் நீதிபதி ஹிகின்ஸ், தொழிலாளர் மனைவியரின் சாட்சியத்தையுங் கேட்டு, வாடகை, உணவு, விறகு ஆகியவற்றுக்கு மாத்திரம் வாரமொன்றுக்கு 32 சிலிங் 5 பென்ஸ் வேண்டும் எனக் கணக்கிட்டு, பயிற்சியற்ற தொழிலாளிக்கும் நாளொன்றுக்கு 7 சிலிங் நியாயமான கூலி எனத் தீர்த்தார். அத்தீர்ப்புக்கு ஆதாரமான சட்டத்தை அடுத்த ஆண்டே உயர் நீதிமன்றம் செல்லாதாக்கியது. ஆயினும் வாழ்க்கைக் கூலி என்ற கொள்கை அழியவில்லை.

1980களில் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. இயந்திரங்கள் முழங்கிய இடத்தில் இன்று அங்காடித் தொகுதி நிற்கின்றது. தொழிலாளி குடியிருந்த சிறுவீடு இப்பொழுது சந்தையிற் பெருவிலைப் பண்டம். விக்டோரியாவின் 1962ஆம் ஆண்டுக் காணி விற்பனைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, ஈடு, வரி, பிறர்க்குள்ள உரிமைகள் முதலியவற்றை விற்பவன் எழுத்தில் வெளிப்படுத்த வேண்டும் என்கின்றது. வாங்குபவனுக்கு மனம் மாற 3 வேலைநாள் தவணையும் உண்டு. ஆனால் பகிரங்க ஏலத்தில் வாங்கியவனுக்கு அத்தவணை இல்லை. அவசரத்தில் முடிவெடுப்பவனுக்கே பாதுகாப்புக் குறைவு என்பது கவனிக்கத்தக்கது.

மேலும், பதிவேடு உடைமையாளனின் பெயரைச் சொல்லுமேயன்றி மண்ணின் வரலாற்றைச் சொல்லாது. இவ்வூரின் வடபகுதியில் அஸ்பெஸ்ரஸ் தகடுகள் செய்த தொழிற்சாலையும் இருந்தது. பழைய தொழில் நிலத்தில் வீடு வாங்குபவன், திட்டமிடற் சான்றிதழிற் சூழற் சோதனை நிபந்தனை உண்டா என்று தனியே தேடி அறியவேண்டும். இலாபத்தை எடுத்துச் சென்றவர்களின் பெயர்கள் ஏட்டிலிருந்து நீங்கிவிட்டன. அவர்கள் விட்டுச்சென்ற நஞ்சுக்கு அடுத்த உடைமையாளன் வாரிசாகின்றான்.

இது எங்கோ நடந்த கதையென நாம் ஒதுக்கிவிடலாகாது. பேர்க்கின் பிரகடனத்துக்கு ஐந்தாண்டுகளின் பின், 1840இல், காடும் தரிசும் முடிக்குரியவை எனக் கொள்ளும் சட்டம் இலங்கையிலும் பிறந்தது. அதே ஆண்டின் மற்றொரு சட்டம் நொத்தாரிசையும் இரு சாட்சிகளையும் காணி உறுதிக்கு இன்றியமையாதனவாக்கியது. 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் உரிமைப் பதிவு முறையை இங்கும் புகுத்தியுள்ளது. அது நாடு முழுவதையும் இன்னும் எட்டவில்லை. உறுதிகளின் சிக்கலைத் தீர்க்கும் எந்த முறையையும் நாம் வரவேற்கின்றோம். ஆயின், தலைமுறை தலைமுறையாக லயன் அறையிற் பிறந்து இறந்தும் ஒரு முழம் நிலத்துக்கும் உறுதி பெறாத தோட்டத் தொழிலாளியின் பெயரும், போரில் உறுதியையும் வீட்டையும் ஒருங்கே இழந்தவளின் பெயரும் அந்த ஏட்டில் இடம்பெறுமா?

பதிவேடு உள்ளதைக் காட்டும் கண்ணாடி என்பர் சட்ட அறிஞர். கண்ணாடி தன் முன்னால் நிற்பவரையே காட்டும். ஏடு திறக்கப்படுவதற்கு முன்பே வெளியே தள்ளப்பட்டவர்களை அதன் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மக்களின் கடமை.